காரணத்துக்குக் கட்டம் இல்லை

வாருங்கள். பனிக்காலணியை வாசலிலேயே விடுங்கள்,
ஆராய்ச்சித் துறை என்றாலும் இது ஃபின்லாந்துதான்.
முதலில் காப்பி.
ஔலுவில் இன்று விடியவே பத்தரை ஆகும்,
அதற்குள் பாதிக் கையேட்டை முடித்துவிடலாம்.

நான் துயிரே.
நீங்கள் ராய்மோ, காகித ஆலை மூடியபின் வந்தவர்,
வார்டிலிருந்து ரத்தக் குழாய்களைக் கொண்டுவரப் போகிறவர்,
என்னைவிடப் பத்தொன்பது வயது மூத்தவர்.
ஹொதான், தரவு. சேவேரி, செவிலியர்.
இந்த அட்டை நான்காம் மாடி வரை திறக்கும்.
ஐந்தாவது திறக்காது.
எல்லோரும் ஒருமுறை முயன்று பார்க்கிறார்கள்.

இந்த ஆய்வில் சேர்கிறவர்கள் அத்தனை பேரும்
பேர் போனவர்கள்.
சிரிக்காதீர்கள், நிஜமாகவே போய்விடுகிறது.
பேரை வாங்கிக்கொண்டு எண்ணைத் தருகிறோம்.
இரண்டும் ஒரே தாளில் இருக்கும் அலமாரி ஒன்றுதான்,
அதன் சாவி என் கழுத்தில்.
சௌனாவுக்குப் போகும்போது மட்டும் கழற்றிப் பூட்டி வைப்பேன்.
உலோகம் சுடும்.

இது உறைபெட்டி.
வெளியே மைனஸ் இருபத்தாறு, உள்ளே மைனஸ் எண்பது.
இதற்குள் கைவிட்டு எடுத்த பிறகு
தெருவில் நடப்பது வெயில் காய்கிற மாதிரி.
நள்ளிரவில் இது அலறினால் உங்கள் கைபேசியும் அலறும்,
எழுந்து வரவேண்டும்.
இங்கே யாருக்கும் குளிர் விட்டுப்போகக் கூடாது,
பெட்டிக்கும் உங்களுக்கும்.

ஒப்புதல் படிவம் பன்னிரண்டு பக்கம்.
புரிந்ததா என்று கேட்காதீர்கள்,
புரியாதவர்தான் முந்திக்கொண்டு தலையாட்டுவார்.
வீட்டில் போய் இதை எப்படிச் சொல்வீர்கள், என்று கேளுங்கள்.
பிறகு காத்திருங்கள்.
மௌனம் சம்மதம் என்பது இந்த அறையில் செல்லாது.

இந்த இடத்தில் எப்போதும்
பதின்மூன்றாம் ஸ்லைடுக்குப் போவேன்.
இன்று கதவு தட்டப்பட்டது.

கம்பளித் தொப்பியில் உறைபனி, ஐம்பது வயதிருக்கும்.
தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
“எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்
என்று எழுதியிருந்தது.”
ஆம் என்றேன்.
“ஏன்...” என்று சேவேரி வாயெடுத்தான்.
அவன் கோப்பைமேல் கையை வைத்தேன்.

பேர், தேதி, கையெழுத்து.
காரணத்துக்குக் கட்டம் இல்லை.
எழுதி முடித்தும் அவர் பேனாவைத் திருப்பித் தரவில்லை.
கேட்கட்டும் என்று நின்றாரா,
கேட்டுவிடுவார்களோ என்று நின்றாரா,
ஒன்பது வருடமாக இதைக் கற்பிக்கிற எனக்குத் தெரியவில்லை.
ஹொதான்தான் கேட்டாள்: “காப்பி?”

அரைக் கோப்பை குடித்தார்.
ஹைலுவோத்தோ தீவுக்குப் பனிச்சாலை
இந்த வருடம் இன்னும் திறக்கவில்லை, என்றார்.
படகுத்துறையில் வண்டிகள் வரிசை, என்றார்.
போய்விட்டார்.

ஆறு குழாய்கள்.
எண்ணைச் சேவேரி வாசித்தான், நான் சரிபார்த்தேன்,
ஹொதான் மறுபடி சரிபார்த்தாள்.
“ஒரு மேசைக்கரண்டி இருக்குமா?” என்று கேட்ட ராய்மோ
அவற்றை இரண்டு கையாலும் ஏந்தி
எரிகலனுக்கான தொட்டிவரை நடந்தார்.
ஆலையில் டன் கணக்கில் தூக்கிய கை.

போன வருடச் சராசரியில் கலந்துவிட்டதை மட்டும்
எடுக்க முடியாது.
அதையும் படிவம் சொல்கிறது,
பதினோராம் பக்கம், கீழிருந்து மூன்றாம் வரி.
ஏதோ ஒரு தசம புள்ளிக்குப் பின்னால்
அவர் இருப்பார். இருக்கிறார்.
அந்த வரியை யாரும் இதுவரை
எனக்குத் திருப்பிச் சொன்னதில்லை.

ஜன்னலில் சாம்பல் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது.
தொப்பி இருந்த இடத்தில்
மேசைமேல் சின்னதாக ஒரு குட்டை,
கையேட்டின் ஓரத்தை நனைத்துக்கொண்டு.

“துடைக்கிற துணி எங்கே இருக்கிறது?” என்றார் ராய்மோ.

ஒன்பது வருடத்தில்
அதை எழுதி வைக்கவே இல்லை நான்.